ஏழாவது புள்ளியும் மூன்றடிப் பள்ளமும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் ஒரு கணினித் திரையில் பார்த்தேன். விழுப்புரத்தில், குடிநீர்த் திட்டங்களுக்கு வடிவமைப்பு போட்டுத்தரும் ஓர் அலுவலகத்துக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். திரையில் பதின்மூன்று புள்ளிகள் வளைந்து இறங்கிக்கொண்டிருந்தன. இது என்ன என்று சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

தண்ணீர் என்பது மனித குலத்தின்...

(அடித்தாயிற்று. இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

2

அந்தத் திரைக்கு முன் உட்கார்ந்திருந்தவள் பெயர் மலர்விழி.* பொறியாளர். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் விழுப்புரம் வருகிறவள். கூட்டேரிப்பட்டுப் பக்கம் ஓர் ஊருக்குப் புதுக் குழாய் போடும் திட்டம் அவள் தலையில் விழுந்தது. செலவு குறைய வேண்டும். கடைசித் தெருவிலும் தண்ணீர் ஏற வேண்டும். குழாயைப் பெரிதாக்கினால் தண்ணீர் ஏறும், கூடவே செலவும் ஏறும். கணினி ஆயிரக்கணக்கில் மாற்றிப் போட்டுப் பார்த்து, இனி ஒன்றைக் கெடுக்காமல் மற்றதைத் திருத்த முடியாது என்கிற பதின்மூன்று வடிவமைப்புகளை மிச்சம் வைத்தது. அவைதான் புள்ளிகள்; எண் ஏற ஏறச் செலவும் தண்ணீரும் ஏறும். எதை எடுப்பது என்று மட்டும் அது சொல்லாது. கெட்டிக்கார மெஷின்.

ஏழாவது புள்ளி ஒதுக்கிய தொகைக்குள் வந்தது. காலை ஆறரைக்கு ஊரே குழாயைத் திறந்தாலும், கடைசிக் குழாயின் வாய்க்கு மேல் இரண்டடி வரை தண்ணீர் ஏறும் என்றது கணக்கு. மலர்விழிக்கு நிம்மதி. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

* உண்மையான பெயரைச் சொன்னால் அவள் என்னை அந்த அலுவலகப் படி ஏற விடமாட்டாள்.

3

அறிக்கைக்குப் படம் எடுக்க வெள்ளிக்கிழமை அந்தத் தெருவுக்குப் போனாள். குழாயைக் காணோம். ஒரு பள்ளம் இருந்தது. அதற்குள் வீரம்மாள் உட்கார்ந்து குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்துக்கு முன் மலர்விழி தரைமட்டம் அளந்தபோது அளவுகோலைப் பிடித்து உதவியவர்.

"இன்னாங்க இது, பள்ளத்துல உக்காந்துகினு?"

"மேல ஏறாதுங்க. அதான் பைப்ப அறுத்து கீழ எறக்கிக்கினோம். எட்டு வருசமாவுது."

மலர்விழி பள்ளத்தின் விளிம்பில் குனிந்து பார்த்தாள்.

"அன்னைக்கி அளவுகோல எங்க வச்சீங்க?"

"குழாயாண்ட வைங்கன்னு நீங்கதான சொன்னீங்க? இங்கதான் வச்சேன்."

தூரத்திலிருந்து லெவல் கருவியில் பார்த்தவளுக்கு எண் மட்டும்தான் தெரிந்திருந்தது; பள்ளத்தின் அடியையே தெருமட்டம் என்று குறித்துக்கொண்டாள். பள்ளம் மூன்றடி. கணக்கு சொன்ன இரண்டடித் தண்ணீர் இந்தப் பள்ளத்தைத் தாண்டாது. புதுக் குழாய் வந்த பிறகும் வீரம்மாள் இங்கேதான் உட்கார வேண்டும், அந்தக் குழாயின் ஆயுள் முடியும்வரை, இன்னும் முப்பது வருடம்.

மறைக்காமல் சொன்னாள். "தப்பு என்னுதுங்க. சரிபண்ணிட்டு வர்றேன்."

4

(இந்த இடத்தில் அவளை அழவிட்டு ஒரு பத்தி எழுதினேன். அழுகிற ஆள் இல்லை அவள். எடுத்துவிட்டேன்.)

எண்ணைத் திருத்தி மறுபடி ஓட்டினாள். தரைக்கு மேல் தண்ணீர் வருவது ஒன்பதாவது புள்ளியிலிருந்துதான். அது ஒதுக்கிய தொகையைத் தாண்டியது.

"ஏழாவதே போவட்டும்," என்றார் மேலதிகாரி கோதண்டபாணி. "அவங்க பழகிட்டவங்கம்மா. ஒம்போதுன்னா நான் மேல போய்ப் பேசணும். பேஜாரு."

"நான் தப்பா அளந்ததுக்கு அவங்க பள்ளத்துல உக்காரணுமா சார்?"

"ரெண்டையும் அச்செடுத்து வைம்மா, திங்கக்கிழமை பாக்கலாம்," என்றார் அவர். கெட்டவர் இல்லை, ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கிறது.

5

திங்கட்கிழமை காலை. இரண்டு வடிவமைப்புகளும் அச்சாகி மேசைமேல் இருந்தன. மலர்விழியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், வீரம்மா பேசறேன். நீங்க சரிபண்றேன்னு சொன்னீங்கல்ல, பள்ளத்தத் தூத்துட்டோம். கல்லு மண்ணு போட்டு நெரவிட்டோம். பைப் வர்ற வரைக்கும் கொல்லி நெலத்து மோட்டார்ல புடிச்சிக்கிறோம். கொஞ்சம் ஜல்தியா பாருங்க."

கோதண்டபாணி அச்சிட்ட தாள்களைத் தன் பக்கம் இழுத்தார்.

"முழுசா நெரவிட்டாங்களாமா?"

"ஆமா சார்."

சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார் என்று நான் எழுதப்போவதில்லை. எனக்கு ஓர் ஆசை இருக்கிறது, அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பேனாவை உங்களிடம் தருகிறேன், நீங்களே போடுங்கள். ஒன்று மட்டும்: ஏழாவதில் போடுகிறவர்கள் மண்வெட்டியோடு அந்தத் தெருவுக்குப் போய், வீரம்மாள் பார்க்க அந்தப் பள்ளத்தைத் தங்கள் கையால் தோண்டிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.