முக்கோணத்து விளக்கு

எங்கள் தெருமுனையில் ஒரு முக்கோணப் புல்வெளி. அதன் நடுவே ஒரு விளக்குக் கம்பம். ஆறு வருடமாக விளக்கு எரியாமல் அது வெறும் கம்பம்தான். தலைநகர் வாஷிங்டனில் இப்படித்தான்: நடைபாதை நகராட்சிக்கு, அதை ஒட்டிய புல் மத்திய அரசுக்கு. ஒருமுறை நகராட்சி எலக்ட்ரீஷியன் ஒருவனைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தேன். ஏணியில் பாதி ஏறியவன், "மேடம், இது எங்க கம்பம் இல்லையே" என்று இறங்கி ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

விடுவேனா? எங்கள் பகுதி மக்கள் ஓட்டுப் போட்டு அமைத்த வட்டாரக் குழுவில் தீர்மானம் போட்டு மத்திய அரசு அலுவலகத்துக்கு அனுப்பினேன். எங்கள் தீர்மானத்துக்கு நகராட்சி தனி மதிப்புக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் மத்திய அரசைக் கட்டாது. குழுத் தலைவி வெர்டீன் மேப்புக்கு, அதாவது எனக்கு, அது உறைத்தது தபாலில் போட்ட பிறகுதான். பகலெல்லாம் பல் டாக்டரின் வரவேற்பு மேசை, சாயந்திரமானால் சம்பளமில்லாத இந்தத் தலைவி உத்தியோகம். புத்தி எப்போதாவது பிசகத்தான் செய்யும்.

ஆறாவது வருடக் கோடையில் ஊரைக் காக்கவும் துப்புரவாக்கவும் என்று மத்திய அரசு அனுப்பிய வெளிமாநிலச் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். கூப்பிட்டது நாங்கள் இல்லை. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு குப்பை பொறுக்கினார்கள். நவம்பரில் இரண்டு பேர் எங்கள் முக்கோணத்துக்கும் வந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹோரஸ் ப்ளெட்சோவுக்கோ வாயெல்லாம் பல்.

ஹோரஸ் என்னோடு பள்ளியில் படித்தவன். ராணுவத்தில் இருந்து, வளைகுடாப் போருக்கும் போய் வந்தவன். குழுவில் எங்கள் ஐந்து பேரில் ஒருவன். மாதக் கூட்டத்தில் எழுந்து, சிப்பாய்களுக்கு நன்றி சொல்லி, அவர்கள் முக்கோணத்திலேயே தங்கவேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். நூலகத்தின் கீழ்த்தள அறையில் பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் கத்தினார்கள்.

"நம்ம ஊரு என்ன, போர்ல பிடிச்ச நாடாய்யா?" என்றேன். "நாம ஓட்டுப் போட்ட மேயர் இருக்கா, நம்ம போலீஸ் இருக்கு. எவனோ அனுப்பின ஆளுக்கு நாம நன்றி வேற சொல்லணுமா?"

"சொல்லணும். விளக்கு விளக்குன்னு ஆறு வருஷம் கேட்ட. வந்துச்சா? சிப்பாய் கேக்காமலே வந்தான்."

"அவன் நாளைக்கே போயிருவான்யா."

"இன்னைக்கு நிக்கிறான்ல?" ஹோரஸின் குரல் உடைந்தது. "போன குளிர்காலத்துல என் மக கைய முறுக்கி போனைப் பிடுங்கிட்டு ஓடினானே ஒருத்தன், அன்னைக்கு உன் மேயர் நின்னாளா, உன் போலீஸ் நின்னுச்சா? நீயாவது நின்னியா?"

அவன் மகள் ஜெனீன் கடைசி வரிசையில் இருந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை. ஐந்து மணிக்கே இருட்டிவிடும் நாட்களிலும் பஸ்ஸைவிட்டு இறங்கி அந்தப் புல்வெளியைத் தாண்டித்தான் வீட்டுக்கு வரவேண்டும். அன்று உடைந்த மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்காது. எனக்கு வெட்கமாக இருந்தது.

வாக்கெடுப்பில் இரண்டுக்கு இரண்டு. மிச்சம் என் ஓட்டு. ஜெனீன் எதிரில் இருக்கும்போது எதிர்த்து ஓட்டுப் போட மனம் வரவில்லை. ஹோரஸ் என்னைப் பார்த்தான். "அடுத்த கூட்டம் வரைக்கும் டைம் தர்றேன், வெர்டீன். அந்த விளக்க எரிய வை, என் தீர்மானத்த நானே வாபஸ் வாங்கிக்கிறேன். எரியலைன்னா என் தீர்மானத்துக்கு ஆதரவா நீயே கைய தூக்கணும்." சரி என்றேன். வாய்க்கொழுப்பு.

மறுநாளிலிருந்து போன்தான். மத்திய அரசு அலுவலகத்தில் பல பேரிடம் கைமாறி, கடைசியில் ஒரு இனிமையான குரல் அகப்பட்டது. "நேரா வந்தா லேட் ஆகும் மேடம். உங்க செனட்டர் ஆபீஸ்ல சொல்லி ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க. உடனே நடக்கும்."

"தாயி, நான் வாஷிங்டன்காரி. எங்களுக்கு ஏது செனட்டர்?"

"ஓ..." என்றாள். நான் போனை வைத்த வேகத்தில், பல் பிடுங்க வந்திருந்த ஒருவர் திடுக்கிட்டு எழுந்துவிட்டார்.

அன்று வேலை முடிந்ததும் நேரே முக்கோணத்துக்குப் போனேன். யாரையாவது திட்டியே ஆகவேண்டும் போலிருந்தது. ஒரு சிப்பாய் உதிர்ந்த இலைகளை வாரிக்கொண்டிருந்தான். நாற்பதை நெருங்கும் ஆள், சட்டையில் டில்மன் என்று பெயர்.

"துப்பாக்கி எதுக்கு, இலை எதிர்த்து அடிக்குமா?" என்றேன்.

"இதுவரைக்கும் அடிக்கலைங்க மேடம்," என்றான் டில்மன். சிரிக்காமல் சொன்னதால் எனக்குத்தான் சிரிப்பு வந்து தொலைத்தது. பிறகு கம்பத்தைக் காட்டினான். "இது ஏன் எரியல? நேத்து இருட்டுல கால் பிசகி விழுந்தேன். எங்க ஊர்ல கூரை போடுறவன் நான். மூணாவது மாடில இருந்துகூட விழுந்ததில்ல, இங்க புல்லுல விழுந்திருக்கேன்."

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்ததுமே கசந்தது. என் தெரு விளக்குக்கு இன்னொரு மாநிலத்தானிடம் கையேந்துவதா? நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்து நின்றது. ஜெனீன் இறங்கினாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, எங்களைக்கூடப் பார்க்காமல், ஓட்டமும் நடையுமாகப் புல்வெளியைக் கடந்தாள். என் ரோஷம் எனக்கு, நடப்பவள் அவளல்லவா?

"உங்களுக்கு செனட்டர் இருக்காரா?" என்று கேட்டேன்.

டில்மன் விழித்தான். "மாநிலத்துக்கு ரெண்டு பேர் உண்டே, எங்களுக்கும் இருக்காங்க. ஏன் மேடம்?"

சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். "யூனிஃபார்ம்ல இருந்துகிட்டு நான் பேசக்கூடாது. எங்கம்மா பேசலாம். தபால் ஒரு நாள் லேட்டானாலே செனட்டர் ஆபீஸுக்குப் போனைப் போட்டுரும். அங்க எல்லாருக்கும் அதோட குரல் தெரியும்." கொஞ்சம் தயங்கி, "அதுகிட்ட உங்க நம்பரைக் குடுக்கவா?" என்றான்.

அவன் எந்த மாநிலம் என்று இங்கே எழுதமாட்டேன். நல்லவன், வம்பில் மாட்டிவிடக் கூடாது.

அந்த வாரம் முடிவதற்குள் மத்திய அரசு வண்டி ஒன்று வந்தது. இரண்டு பேர், ஒரு ஏணி. நான் பேக்கரியிலிருந்து ரொட்டி வாங்கிக்கொண்டு வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அன்று மாலை புல்வெளி முழுக்க வெளிச்சம். தெரு மூலையில் இவ்வளவு சிகரெட் துண்டுகள் கிடந்ததே அன்றுதான் தெரிந்தது. எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். அதே நேரத்தில் அந்தக் கம்பத்தை ஓங்கி ஒரு உதை விடவேண்டும் போலவும் இருந்தது.

அப்போது போன் அடித்தது. டில்மனின் அம்மா. "எரியுதாம்மா?" என்றாள்.

"எரியுதுங்க. ரொம்ப நன்றி."

"எதுக்கு நன்றி? ஒரே ஒரு போன்தான் பண்ணேன். 'எம்புள்ள இருட்டுல நிக்குது'ன்னேன், அவ்வளவுதான்." கொஞ்சம் கண்டிப்பான குரலில் தொடர்ந்தாள். "நீங்க உங்க செனட்டருக்கு முன்னாடியே போன் போட்டிருக்கலாமே. ஆறு வருஷமா சும்மாவா இருந்தீங்க?"

"எங்களுக்கு செனட்டர் கிடையாதுங்க."

"அதெப்படி? எல்லாருக்கும் உண்டே."

"தலைநகரத்துல இருக்கற எங்களுக்குக் கிடையாது. வரி உண்டு. ராணுவத்துக்கு ஆள் அனுப்புவோம். செனட்டர் மட்டும் கிடையாது."

"இது எனக்குத் தெரியாதும்மா," என்றாள். குரலில் இருந்த கண்டிப்பு போய்விட்டது.

அடுத்த கூட்டத்தில் நூலக அறை நிரம்பி வழிந்தது. ஹோரஸ் புது கோட்டுப் போட்டு வந்திருந்தான். எழுந்ததுமே, "விளக்கு எரியுது. கொண்டு வந்தது யாரு? சிப்பாய்!" என்றான். ஒரு பக்கம் கைதட்டல்.

"சிப்பாய் இல்ல ஹோரஸ், சிப்பாயோட அம்மா," என்றேன். நடந்ததை மறைக்காமல், நான் கையேந்தியது உட்பட, முழுவதும் சொன்னேன். "ஒரு போன். ஒரே வாரம். ஏன்னா அந்தம்மா ஓட்டு அங்க ஒருத்தருக்கு வேணும். நம்ம ஓட்டு அங்க யாருக்கும் வேணாம்."

கடைசி வரிசையிலிருந்து ஜெனீன் எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசி நான் கேட்டதேயில்லை. "அப்பா, என் கை உடைஞ்சப்ப நீங்க எத்தனை பேருக்குப் போன் போட்டீங்க?"

ஹோரஸ் புது கோட்டின் பொத்தானைத் திருகினான்.

"தினம் போட்டீங்க. சமையக்கட்டுல நின்னு போட்டீங்க. 'நான் போருக்குப் போனவன், என் மகளுக்காகக் கேக்கறேன்'னு சொல்லிச் சொல்லிக் கேட்டீங்க, ஒருத்தரும் காது குடுக்கல. எனக்கு எல்லாம் காதுல விழுந்துச்சு." மடங்காத மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டாள். "அந்தம்மா புள்ளை கொஞ்ச நாள் இருட்டுல நின்னாரு. நான் ஆறு வருஷம் நடந்தேன்."

ஹோரஸ் உட்கார்ந்துவிட்டான். அவனை அப்படிப் பார்த்ததில்லை. ஜெயித்தது நான், எனக்கு அது இனிக்கவில்லை. பிறகு அவன் மெதுவாக எழுந்தான்.

"என் தீர்மானத்த வாபஸ் வாங்கிக்கிறேன். புதுசு ஒண்ணு சொல்றேன், எழுதிக்க வெர்டீன். வந்த சிப்பாய்ங்க மேல நமக்குக் கோவம் இல்ல, அவங்க வீட்டுக்குப் போகட்டும். முக்கோணத்த நகராட்சிகிட்ட குடு. எங்களைக் கேக்காம எங்க ஊருக்குக் காவலும் வேணாம், தொடப்பமும் வேணாம். எங்களுக்கும் ரெண்டு செனட்டர் குடு."

"மத்தவங்கள மாதிரி," என்றாள் ஜெனீன்.

"மத்தவங்கள மாதிரி. அதையும் எழுதிக்க."

எழுதினேன். பழைய அனுபவம் இருப்பதால் இந்த முறை முதலிலேயே கேட்டேன்: "யாருக்கு அனுப்புறது? நமக்குன்னு அங்க ஒருத்தருமில்லையே."

ஹோரஸ் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். "நமக்குன்னு ரெண்டு பேரு இல்லல்ல? அப்ப செனட்ல இருக்கற நூறு பேருக்கும் அனுப்பு."

"பதில் வரலைன்னா?"

"அடுத்த மாசம் மறுபடியும் நூறு பேருக்கு."

ஐந்து கைகள் உயர்ந்தன. நாங்கள் அன்றே உறைகளில் முகவரி எழுத ஆரம்பித்தோம்.