மொங்கியாவின் குலவை

ஸ்ஃபாக்ஸ் நகரத்தில், பழைய கோட்டைக்குள் எந்தக் கல்யாணம் நடந்தாலும் மொங்கியாவைத்தான் குலவையிடக் கூப்பிடுவார்கள். ஊரார் பெண்களுக்கெல்லாம் குலவையிட்டவள், தன் ஒரே மகள் ரிஹாபுக்கு இடும் நாளுக்காகக் காத்திருந்தாள். அதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது கடைவாய்ப் பல் ஒன்று அவள் உயிரை வாங்கியது.

மாப்பிள்ளையின் தாய் நஸீஹா விடவில்லை. "என் தம்பி பல் டாக்டரா இருக்கும்போது வேற எங்க போறீங்க சம்பந்தி?" என்று தானே கூட்டிப்போய், பக்கத்திலேயே உட்கார்ந்தும் கொண்டாள்.

டாக்டர் முறையாகத்தான் கேட்டார். "வேற வியாதி ஏதாவது இருக்காம்மா? மாத்திரை, ஊசி?"

ஊசி இருந்தது. மணிக்கட்டு முறிந்ததிலிருந்து, எலும்புத் தேய்மானத்துக்காக, ஆறு மாதத்துக்கு ஒன்று, ஐந்து வருஷமாக. ஆனால் போன வாரம்தான் நஸீஹா ஏதோ ஒரு சம்பந்தம் முறிந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். "தாய்க்காரிக்கு எலும்பெல்லாம் மாவா உதிருதாம். மக மட்டும் எப்படி இருப்பா?"

"ஒண்ணுமில்ல, அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் மொங்கியா. பொய்க்கும் இறைவனைத் துணைக்கு இழுத்தாள், பாவி.

பல்லைப் பிடுங்கியாயிற்று, குழி மூடவில்லை. சீழ் வைத்தது. நாக்கை வைத்தால் எலும்பு தட்டுப்பட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள்.

"இந்த ஊசி போடுறவங்களுக்குப் பல்லைப் பிடுங்கினா, சில பேருக்குத் தாடை எலும்பு ஆறாம செத்துப்போயிடும்" என்றார் அங்கிருந்த டாக்டர். "முன்னாடியே சொல்லியிருந்தா பிடுங்காம வேருக்கு வைத்தியம் பார்த்திருப்பாங்க. இப்ப வெட்டித்தான் எடுக்கணும்."

கல்யாணத்துக்கு மறுவாரம் அறுவைக்குத் தேதி வாங்கிக்கொண்டு வந்தாள். மகளிடம்கூட மூச்சு விடவில்லை.

நிக்காஹ் கையெழுத்தானது. கூடம் அடங்கியது. முதல் குலவை தாயுடையது. அதுவரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். ரிஹாப் சிரித்தபடி உம்மாவைப் பார்த்தாள். மொங்கியா வாயைத் திறந்தாள். சீழ் பிடித்து இறுகியிருந்த தாடை ஒரு விரல் அகலம்கூடப் பிரியவில்லை. முனகல்தான் வந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகளின் முகத்தில் சிரிப்பு அணைவதைப் பார்த்தபோது செத்துவிடலாம் போலிருந்தது.

நஸீஹா அருகில் வந்து குனிந்தாள். "பொண்ணு குடுக்க மனசில்லையா சம்பந்தி?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. கைக்குட்டைக்குள்ளிருந்தே எல்லாவற்றையும் குழறிச் சொன்னாள்.

 நஸீஹாவின் கை தானாகத் தன் தாடையைத் தடவியது.

"எனக்கும் அதே ஊசிதான். மூணு வருஷமா" என்றாள் காதோடு. "வெளிய சொல்லிடாதீங்க."

பிறகு நிமிர்ந்து, தாய் நிற்கவேண்டிய இடத்தில் நின்று, முதல் குலவையை இட்டாள். ரிஹாப் இன்னும் தன் உம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.