செவலைக் கோழி

தெல்மா மைக்கின் பொத்தானை விரல் நுனி வெளுக்கும்படி அழுத்திக்கொண்டிருந்தாள்.

"மொய்ரா! கேக்குதா? திரும்பச் சொல்லு. ஓவர்."

வானொலிப் பெட்டி பொரிந்தது. காய்ந்த எண்ணெயில் ஈர வெங்காயம் விழுந்த மாதிரி ஒரு சத்தம். குரல் இல்லை.

சற்று முன்புதான் அந்தப் பெண் பேசினாள். மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு, "என் செவலைக் கோழிக்கு... முட்டை உள்ளேயே உடைஞ்சிருச்சு அக்கா. ரத்தம் நிக்கல. எந்திரிக்கவே..." அவ்வளவுதான். பேச்சு முடிந்தது என்பதற்கான 'ஓவர்' கூடச் சொல்லவில்லை.

குவீன்ஸ்லாந்தின் அந்த மேற்குக் கோடியில் ஒரு ஆட்டுப் பண்ணையிலிருந்து அடுத்த பண்ணைக்குப் போகப் பெரும்பாலும் மணிக்கணக்கில் கார் ஓட்ட வேண்டும். அவசரமென்றால் விமானத்தில் வரும் பறக்கும் டாக்டர் காலையில் வானொலியில் தன் நோயாளிகளை விசாரித்து முடித்ததும் அலைவரிசை பெண்களுடையதாகிவிடும். ஆண்கள் அதற்கு வைத்த பெயர் கிளிக்கச்சேரி. தெல்மாவின் கணவன் ஆர்ச்சி அந்த நேரம் பார்த்துச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து சேணம் தைப்பான். கேட்டால், "உங்க கிளிச் சத்தத்துல வேலை வேகமா நடக்குது" என்பான்.

ஒருத்தி பேசினால் வட்டாரத்துக்கே கேட்கும். அதுதான் சங்கடம். மருந்துப் பெட்டியோடு எல்லா வீட்டுக்கும் ஒரு உடம்புப் படம் வந்திருந்தது, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எண்ணோடு. முட்டிக்கும் முதுகுக்கும் கூசாமல் எண் சொன்ன பெண்கள், அடிவயிற்றின் இருபத்தேழை மட்டும் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அதற்குத்தான் கோழி. கோழி அடைகாக்குது என்றால் பிள்ளை உண்டாகியிருக்கிறது. இறகு உதிர்க்குது என்றால் மாதவிலக்கு நிற்கிற வயது. முட்டை உடைஞ்சிருச்சு என்று ஒருத்தி சொன்னால் அன்றைக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். தெல்மாவும் ஒரு குளிர்காலத்தில் அதைச் சொல்லியிருக்கிறாள். ஆர்ச்சியிடம் சொன்னது வெறும் காய்ச்சல் என்று. பாவம், அவனுக்கும் அந்த மாதம் பூராவும் முதுகுப் பிடிப்பு. ஆடு ஓட்டப் போகாமல் வீட்டோடு கிடந்தான்.

ஆனால் மொய்ராவுக்குக் கோழிப் பாஷை எப்படித் தெரியும்? ஓடைக்கு அந்தப் பக்கம், அரை மணிக் கார் தூரத்தில் இருக்கும் ஒரே பக்கத்துப் பண்ணைக்காரன் கிளெம்மைக் கட்டிக்கொண்டு கிளாஸ்கோவிலிருந்து வந்த புதுப் பெண். அவள் வந்ததுமே ஓடையில் வெள்ளம். யாரும் இன்னும் முகம்கூடப் பார்க்கவில்லை. வானொலியில் சொல்லித்தர முடியாத பாஷை அது. கிளெம்மோ ஆடு ஓட்டப் போயிருந்தான்.

பெட்டியில் வெர்னா வந்தாள். வட்டாரத்திலேயே பெரிய பண்ணைக்காரி, பெரிய குரல்காரி. "தெல்மா, பதறாதடி. அந்தப் பொண்ணு நெசமாவே கோழியைத்தான் சொல்லுது. டவுனுக்காரி. கோழி செத்தாலும் அழுவா. ஓவர்."

"நெசக் கோழியா இல்லேன்னா?"

"டாக்டர்கிட்ட இருக்கிறது ஒத்தை விமானம். வடக்கே ஒருத்தன் குதிரையிலேர்ந்து விழுந்து கெடக்கான். கோழிக்கு வைத்தியம் பாக்க விமானத்தை நீ திருப்பினேன்னு வை, கிறிஸ்மஸ் வரைக்கும் சிரிப்பாங்க. ஓவர்."

இடையில் இன்னொரு பண்ணைக்காரி பெவ் நுழைந்தாள். "வெர்னா சொல்றது சரிதான். வெள்ளத்துக்கு முன்னாடியே தபால் லாரியில நான்தான் அவளுக்கு ஆறு கோழி அனுப்பி வச்சேன். அதுல ஒண்ணுதான் இது. ஓவர்."

தெல்மா சட்டென்று நிமிர்ந்தாள். "பெவ், என்ன நிறம்?"

"எதுடி?"

"கோழிடி! என்ன நிறம்?"

"வெள்ளை. ஆறும் வெ..." பெவ்வின் குரல் பாதியில் நின்றது. "ஐயோ, தெல்மா."



தெல்மா மைக்கில் அவசர விசிலை ஊதினாள். அந்தக் கீச்சொலிக்கென்றே காத்திருக்கும் விமானத் தளத்திலிருந்து பறக்கும் டாக்டர் பென்ரோஸ் பேசினார். சலித்த குரல்.

"சொல்லுங்க, தெல்மா. யாருக்கு, எத்தனாம் நம்பர்?"

வட்டாரமே கேட்டுக்கொண்டிருக்கிறது. போலீஸ்காரர், கடைக்காரர், கம்பளி வெட்டுகிற கூட்டம். தெல்மாவின் காது மடல் சுட்டது.

"மொய்ராவுக்கு. இருபத்தேழு, டாக்டர். பொம்பளை விஷயம். கர்ப்பம்னு நெனைக்கிறேன், உள்ளே உடைஞ்சிருக்கு. ரத்தம் நிக்கல. ஓவர்."

பிறகு சலிப்பெல்லாம் போன குரல். "கிளம்பிட்டேன். நீங்க முன்னாடி போங்க. கால் உயர்த்திப் படுக்க வைங்க. தண்ணிகூடக் குடுக்காதீங்க."

தெல்மா வெளியே ஓடினாள். முற்றத்தில் கார் உறுமிக்கொண்டு நின்றது. பின்சீட்டில் போர்வைகள், துண்டுகள். ஸ்டியரிங்கில் ஆர்ச்சி.

"ஏறு" என்றான். "ஓடைத் தண்ணி நேத்தே வடிஞ்சிருச்சு."

அவனிடம் தான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

மொய்ரா வானொலி மேசையடியில் சுருண்டு கிடந்தாள். செம்பட்டைத் தலைமுடி, சுண்ணாம்பாய் வெளுத்த முகம். வாசலில் ஆறு வெள்ளைக் கோழிகள் சௌக்கியமாக மேய்ந்துகொண்டிருந்தன. தெல்மா அவள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"வந்துட்டேன்டி கண்ணு. கண்ணை மூடாதே. என்னைப் பாரு. உன் மொகத்தை நான் இன்னைக்குத்தானே பாக்கறேன்."

"குரலை... வச்சு... குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன்க்கா."

"உசுரு போற நேரத்துல கொழுப்பைப் பாரு!" தெல்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

வெளியே ஆர்ச்சி ஓடுபாதையிலிருந்து ஆடுகளை விரட்டி, காற்றுத் திசை தெரிய ஒரு பழைய டயரைக் கொளுத்தினான். கறுப்புப் புகையைச் சுற்றி வந்து விமானம் இறங்கியது.

டாக்டர் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "கரு குழாயிலேயே வளர்ந்து வெடிச்சிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும். பிழைச்சுக்குவா. நீங்க மட்டும் கூச்சப்பட்டிருந்தா, தெல்மா, நான் சாயங்காலம் வந்து பாதிரியாரைத்தான் கூப்பிட்டிருக்கணும்."

ஊசி போட்டு, கை நரம்பில் ஒரு பாட்டில் உப்புநீர் ஏற்றி, ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். கூடவே நடந்த தெல்மா குனிந்தாள்.

"யாருடி உனக்குக் கோழிப் பாஷை சொல்லிக்குடுத்தது?"

"கிளெம்தான்." மருந்தில் குழறியது நாக்கு. "வந்த மொதல் வாரமே. கூச்சமா இருந்தா கோழின்னு சொல்லு, அக்காங்க புரிஞ்சுக்குவாங்கன்னார்."

விமானம் புழுதியைக் கிளப்பி மேலேறியது. அது புள்ளியாகிற வரை பார்த்துக்கொண்டிருந்த தெல்மா மெதுவாகத் திரும்பினாள். ஆர்ச்சி தொப்பியின் விளிம்பில் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தான்.

"உங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"ம்."

"கம்பளி வெட்டுறவனுங்களுக்குமா?"

"ம்."

"உக்காந்து கேலி பண்ணினீங்களாக்கும்!"

"கிளின்னு கேலி பண்ணுவோம்." அவன் தலையைத் தூக்கவில்லை. "கோழியை வச்சு ஒருத்தனும் பேசினதில்ல."

தெல்மா காரின் சூடான பானெட்டில் கையை வைத்துக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து, ஆர்ச்சி?"

அவன் அவள் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தான்.

"அந்தக் குளிர்காலத்துல எனக்கு முதுகு வலிக்கவே இல்ல, தெல்."