இரும்பு இளைக்காது

நாகவள்ளி மூன்றாவது தடவையாக அதே டப்பாவைத் திறந்தாள். மூன்றாவது தடவையும் அதில் ஓட்ஸ்தான் இருந்தது. பக்கத்து டப்பாவில் வரகு, அதற்கடுத்ததில் கொள்ளு. கீழ்த்தட்டில் கையை விட்டுத் துழாவியதில் பொங்கலுக்கு வாங்கிய வெல்லத்தின் தாள் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. சாவு விழுந்த வீட்டில் வாய்க்கரிசிக்கு ஒரு பிடி அரிசி இல்லை.

"அக்கா, கிளம்பலாமா? லேட்டாப் போனா பெட்டிய அடைச்சிருவாங்க" என்றான் மணிகண்டன் கூடத்திலிருந்து. அவளுடைய தம்பி. அரபு நாட்டின் இன்னொரு கோடியில், முசஃபாவில் கார் கராஜில் மெக்கானிக். ஒரு வாரமாக வேலைக்குப் போகவில்லை. இங்கே ராஸ் அல் கைமாவில், அக்கா வீட்டு சோபாவில்தான் படுக்கை.

"அரிசி இல்லடா."

"போற வழில கடைல வாங்கிக்கலாம்க்கா."

"பாக்கெட்டக் கிழிச்சு அப்பிடியே வாயில போடச் சொல்றியா? வீட்ல களைஞ்சு எடுத்துட்டுப் போகணும்."

அவன் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

அரிசியை வீட்டைவிட்டுத் துரத்தியது அவள் புருஷன் ரெங்கராஜ்தான். இப்போது அரிசிக்குக் காத்திருப்பதும் அவன்தான். "கண்ணுல பட்டா கை சும்மா இருக்காது வள்ளி" என்று பாதி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கீழே வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டு வந்தான். சோறு கண்ட இடமே சொர்க்கம் என்றிருந்த மனிதன். தோசைக்கு ஊறவைத்த பச்சரிசியைக்கூட விட்டுவைக்க மாட்டான். பின்னால் வந்து ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு நறநறவென்று மென்றபடி போவான். பச்சரிசி தின்றால் கல்யாணத்தில் மழை பெய்யும் என்பார்கள். இவர்கள் கல்யாணத்தன்று சின்னமனூர் மண்டபத்துப் பந்தியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. இலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாப்பிட்ட ஜனங்களைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க, எல்லாம் நான் தின்ன அரிசி" என்று மாலையும் கழுத்துமாகச் சிரித்தவன் அவன்.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அஸ்மத் பீவிக்குக் கீழக்கரை. புருஷனுக்கு மீன் மார்க்கெட் பக்கம் மளிகைக் கடை.

"அக்கா, ஒரு கைப்பிடி பச்சரிசி இருக்குமா?"

எதற்கென்று அஸ்மத் பீவி கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்தாள். முக்காட்டின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க நோன்புக்கே ராத்திரிக்குச் சோறு உண்டும்மா. இது என்ன நோன்போன்னு அன்னைக்கே எனக்குப் பொறுக்கல. சொன்னாத் தப்பா நினைப்பியளோன்னு வாய மூடிக்கிட்டேன்."

நாகவள்ளி ஒரு பிடி மட்டும் எடுத்துக்கொண்டாள். வீட்டுக் குழாயில் களைந்து, ரெங்கராஜின் வெள்ளைக் கைக்குட்டையில் முடிந்தாள்.

ஊருக்குப் போகும் ராத்திரி விமானத்துக்கு மூன்று துணிப்பெட்டிகள் தயாராக இருந்தன. அவற்றை வைப்பதற்காக மணிகண்டன் கார் டிக்கியைத் திறந்தபோது, உள்ளே அட்டையில் சுற்றிய ஏதோ ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதை ஓரமாகத் தள்ளப் பார்த்தான். தள்ளியும் பெட்டி நுழையவில்லை.

"என்னடா அது?"

"ரேடியேட்டர்க்கா." பிரிந்திருந்த அட்டையை இழுத்து மூடினான். "அலுமினியம். மாமா கேட்டுட்டே இருந்தாரு. அந்த வியாழக்கிழமை சாயங்காலந்தான் கெடச்சுச்சு. காலைல நேரா எடுத்துட்டு வந்து குடுக்கலாம்னு…"

நாகவள்ளி அதை எடுத்தாள். ஒரு கையிலேயே வந்தது.

"பழச விட நாலு கிலோ கம்மி" என்றான் மணிகண்டன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் அதைப் பின்சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஹர்ஷினிக்குப் பத்து வயது. ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

கார் நெடுஞ்சாலையில் ஏறியது. இருபுறமும் மணல். வெள்ளிக்கிழமைதோறும் ரெங்கராஜ் போய்வந்த சாலைதான் இது. டைல்ஸ் கம்பெனியில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் வேலை. லீவு நாளில் ஊரே குறட்டை விடும். இவன் மட்டும் விடியுமுன் எழுந்து போய், பாலைவனத்து ஓடுதளத்தில் ஒரு கொட்டகைக்குள் ஹஸ்னைன் பாயோடு சேர்ந்து விமானம் கட்டிக்கொண்டிருந்தான். ஹஸ்னைன் பாய்தான் அவனுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர். தகடும் குழாயும் ஆணியுமாக வந்து இறங்கிய பார்சலைப் பார்த்தபோது, பரணுக்குச் சாமான் வாங்கியிருக்கிறான் என்றே நாகவள்ளி நினைத்தாள். மூன்று வருடத்தில் அதற்கு இறக்கை முளைத்துவிட்டது.

எஞ்சினில்தான் வந்தது வினை. விமான எஞ்சினின் விலை விமானத்துக்கும் மேலே பறந்தது. மணிகண்டன் பின்பக்கம் நசுங்கிய ஒரு ஜப்பான் காரிலிருந்து எஞ்சினை இறக்கி, பிரித்து மேய்ந்து, புதுசு மாதிரி ஆக்கிக் கொடுத்தான். சாலையில் ஓடுகிற எஞ்சின் ஆகாயத்திலும் ஓடும். ஆனால் தனியாக வராது. ரேடியேட்டர், அதற்குத் தண்ணீர், விமானத்து விசிறியின் வேகத்தைக் குறைக்க ஒரு பல்சக்கரப் பெட்டி என்று பரிவாரத்தோடுதான் வரும். எல்லாவற்றையும் மாட்டிய பிறகு மூன்று சக்கரத்துக்கும் கீழே மூன்று எடை மெஷினை வைத்துப் பார்த்தார்கள். ஹஸ்னைன் பாய் கூட்டிக் கழித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். விமானம் தூக்கக்கூடிய பாரத்தில் ஓட்டுகிறவனுக்கு மிச்சம் அறுபத்தெட்டு கிலோ. ரெங்கராஜ் எண்பத்து மூன்று.

மணிகண்டன் கதறாத குறை. கம்பியை அராவினான், தாங்கிகளில் துளை போட்டான், வேண்டாத மூடிகளையெல்லாம் கழற்றி எறிந்தான். ஒரு கிலோகூடத் தேறவில்லை. கணக்கு உதைத்துக்கொண்டேதான் நின்றது.

"பெட்ரோலக் கொறைச்சு ஊத்துங்களேன்" என்றாள் நாகவள்ளி, அவளுக்குத் தெரிந்த யோசனையாக.

"கொறைச்சா பாதி வழில மேகத்துல நிறுத்திட்டு இறங்கித் தள்ளணும்" என்று ரெங்கராஜ் சிரித்தான். பிறகு மணிகண்டன் தோளில் கையைப் போட்டான். "விடு மாப்ள. இரும்பு இளைக்காது. நான் இளைக்கிறேன்."

முதலில் எல்லோரும் மெச்சத்தான் செய்தார்கள். ஆபீசில் அவனைப் பார்த்து இரண்டு பேர் டயட் இருக்க ஆரம்பித்தார்கள். தொப்பை போனது, நல்லது என்றார் டாக்டர். கன்னம் ஒட்டியது. பேன்ட்டுக்கு பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட்டான். எழுபத்திரண்டுக்கு வந்ததும் உடம்பு அதற்கு மேல் இறங்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்தது. அவன் விடுவானா? மாத்திரை மாதிரி எண்ணித் தின்றான். சுவரை வைத்துத்தானே சித்திரம் என்று நாகவள்ளி அழுதும் பார்த்தாள், தட்டைத் தூக்கி எறிந்தும் பார்த்தாள். "நீயே என் காலை வாரி விடாத வள்ளி. பொறந்ததுலேருந்து ஒரே ஒரு ஆசதான் எனக்கு" என்றான். அந்த வார்த்தைக்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. மாறாக அவன் பக்கமே சேர்ந்துகொண்டாள். வெள்ளரிக்காயை நறுக்கி வைத்தாள். அவனுக்கு முன்னால் தானும் சோறு சாப்பிடுவதை விட்டாள்.

அதனால்தான் அந்தப் புதன்கிழமை ராத்திரி அப்படிச் சொன்னாள்.

ரெங்கராஜ் அடுப்படி வாசலில் வந்து நின்றான். நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான்.

"வள்ளி, எதுத்த வீட்ல கேட்டு ஒரு கைப்பிடி அரிசி வடிச்சுத் தாயேன். மோர் ஊத்தி… ஒரே ஒரு கைப்பிடி."

எட்டு மாதமாக அவள் கேட்கத் தவம் கிடந்த வார்த்தை. அது வந்தபோது அவள் அடையாளம் தெரியாமல் விட்டுவிட்டாள்.

"இத்தன நாள் இருந்துட்டு இப்பப் போயி என்னங்க? வெள்ளிக்கிழமை எடை பாத்துப் பறந்துட்டு வாங்க. குண்டான் நெறைய வடிச்சுக் கொட்டுறேன்."

"அதுவுஞ் சரிதான்" என்று திரும்பிப் போய்விட்டான்.

வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து தண்ணீரையும் நிறுத்திக்கொண்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை கொட்டகையில் மெஷின் மேல் ஏறி நின்று, முள் சரியாக வந்ததும், "ஹோ கயா பாய்", முடிந்தது என்று கையைத் தூக்கினானாம். விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்து பார்க்கிறேன் என்றானாம். ஹஸ்னைன் பாய் சாவியை எடுத்துக்கொண்டு வந்தபோது தலை தொங்கியிருந்தது. உடம்பில் உப்பு இறங்கி இதயம் நின்றுவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். போஸ்ட்மார்ட்டம், போலீஸ், தூதரகம் என்று ஒரு வாரம் போயிற்று. இத்தனை நாள் ஆனதால் ஊரில் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். ஆக, முகத்தைப் பார்ப்பது இதுதான் கடைசி.

உடலுக்கு மருந்தேற்றும் எம்பாமிங் சென்டரில் இவர்களுக்கு முன்னால் இரண்டு குடும்பங்கள் காத்திருந்தன. மணிகண்டன் ஹர்ஷினியை வெளியே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அக்காவோடு உள்ளே போனான். பெட்டிக்குள் ரெங்கராஜை வெள்ளைத் துணியில் சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. கல்யாணப் படத்தில் இருந்த முகம் இல்லை. அதைவிடச் சின்னப் பையனின் முகம் மாதிரி இருந்தது.

"ஐயோ, என்னங்க" என்று அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கைக்குட்டையை அவிழ்த்து அரிசியைக் கையில் அள்ளினாள். இதற்காகத்தான் வந்திருக்கிறாள். புதன்கிழமை கொடுக்காத கைப்பிடி இது.

வாயருகே கொண்டுபோனவளை அங்கே வேலை செய்த மலையாளி தடுத்தார். வயதானவர், குரல் தணிவாக இருந்தது.

"சேச்சி, பற்றில்லா, முடியாது. வாய் அடைச்சாச்சு."

"கொஞ்சூண்டுங்க. நாலு மணி போதும்."

"உள்ளே மருந்தும் பஞ்சும் வச்சுத் தையல் போட்டாச்சு சேச்சி. இனித் திறக்கான் முடியாது."

"அண்ணே, உதட்டு மேலயாச்சும்…" என்றான் மணிகண்டன்.

அவர் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். நாகவள்ளி நான்கு மணியை உதட்டின் மேல் வைத்தாள். அவை நிற்கவில்லை. மருந்தில் இறுகியிருந்த கன்னத்தில் வழுக்கி, ஒட்டிய தாடைக்குழியில் போய் விழுந்தன. மறுபடியும் வைத்தாள். மறுபடியும் வழுக்கின. எண்பத்து மூன்று கிலோவில் அந்தக் கன்னம் தாங்கியிருக்கும். அவர் மெல்லக் குனிந்து, கழுத்துப் பக்கம் கிடந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவள் கையிலேயே போட்டார்.

"உள்ளே ஒன்னும் வைக்கான் பாடில்லா, ரூல் அது. சொன்னா எனக்கும் சங்கடம்தான்" என்றார். அவரும் பாவம், எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பாரோ.

மூடியை வைத்துத் திருகாணிகளை முறுக்கினார்கள். அவள் அரிசியை இறுக்கிப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு என்ன செய்ய முடியும்? பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பின்வாசலுக்குக் கொண்டுபோனார்கள். தரையோடு தரையாகப் பதித்திருந்த எடை மேடை மேல் இறக்கினார்கள். விமானத்தில் ஏற்ற எடை வேண்டும். சுவரில் சிவப்பு எண் ஓடி ஓடி ஒரு இடத்தில் நின்றது. காலணி போக, சட்டை போக என்று எட்டு மாதம் மாமனுக்குக் கழித்துப் பழகிய நாக்கு, மணிகண்டனை அறியாமலே அசைந்தது.

"பெட்டி நாப்பதுன்னாங்க… அது போக…"

சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

"எவ்வளவுடா?"

"விடுக்கா."

"சொல்லு."

"அறுபத்தாறு."

"அறுபத்தெட்டு இருந்தாப் போதும்னுதான பாய் சொன்னாரு" என்றாள் நாகவள்ளி.

மணிகண்டன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்தும் அவளால் அவனைத் தேற்ற முடியவில்லை. ஒரு கை பெட்டி மேல் இருந்தது. இன்னொரு கை மூடியிருந்தது. பெட்டியில் சீட்டு ஒட்டி வண்டியில் ஏற்றினார்கள். வண்டி போயிற்று.

காருக்குத் திரும்பினார்கள். ஹர்ஷினி பின்சீட்டில் ரேடியேட்டர் மேல் சாய்ந்துகொண்டாள். மணிகண்டன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான். முன்சீட்டில் நாகவள்ளி மடியில் வைத்திருந்த கையை விரித்தாள். வியர்வையில் அரிசி உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது. இதை எங்கே போடுவது? களைந்த வாய்க்கரிசியைத் திரும்பக் கொண்டுபோய் வைக்க எந்த வீட்டிலும் டப்பா கிடையாது. குப்பைத் தொட்டியில் போடவும் கை வராது.

அவள் கையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

நறநறவென்று மெல்லும் சத்தம் காருக்குள் கேட்டது. மணிகண்டனுக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். 'அக்கா' என்று தடுக்க வாயெடுத்தான். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டான்.

"அம்மா, என்ன ஈட் பண்றீங்க?" ஹர்ஷினி இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டினாள். காலையிலிருந்து யாரும் அவளுக்குச் சாப்பிட ஒன்றும் கொடுத்திருக்கவில்லை. "ரைஸா? எனக்கும் கொஞ்சம்."

நாகவள்ளி உள்ளங்கையில் மிச்சம் ஒட்டியிருந்த இரண்டு மணியையும் நக்கி எடுத்தாள். பிறகு மகளிடம் வெறுங்கையை விரித்துக் காட்டினாள்.