ஃபியட்டின் சேஸ் நம்பர்

வேட்டவலம் ரோட்டில் மெக்கானிக் பரசுராமனின் ஷெட்டுக்கு அன்புச்செல்வி வந்து சேர்ந்தபோது மணி நாலரை இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். கையில் ரப்பர் பேண்டு போட்ட ஃபைல். மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

வண்டி நாற்பது வருஷத்து ஃபியட். செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜின் பின்பக்கம் டயர் இல்லாமல் கிடந்ததைப் பேப்பரோடு வாங்கி நாலு வருஷமாகிறது. பழைய எஞ்சின் இறுகிப்போயிருந்தது. அதை இறக்கிவிட்டு, ஏலத்தில் எடுத்த ஒரு ஜிப்சி ஜீப்பின் எஞ்சினை ஏற்றியிருந்தார் பரசுராமன். அதற்கு அனுமதி வாங்க அவள் அலைந்தது பதினெட்டு மாதம். கிடைத்த கடிதத்துக்கு ஆறு மாதக் கெடு; அதற்குள் வண்டியைக் காட்டிப் புது எஞ்சினை ஆர்.சி. புத்தகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அந்தக் கெடு நாளையோடு முடிகிறது. இன்னொரு முறை அனுமதி தருவார்களா என்று கேட்டதற்கு, கவுன்ட்டரில் இருந்தவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"வாங்க டீச்சர். சாவியப் போடுங்க" என்றார் பரசுராமன்.

போட்டாள். எஞ்சின் ஒரே தொடலில் பிடித்துக்கொண்டது. நாலு வருஷம் காத்திருந்த சத்தம். பரசுராமன் பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். உள்ளே எல்லாம் கருநீலம். டிங்கர் சக்திவேல் ஏழு கோட் அடித்திருந்தான்.

"மூஞ்சி பாத்துப் பொட்டு வச்சிக்கலாம், அப்படி இருக்கு" என்றார்.

அவள் சிரித்தாள். அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் விடமாட்டாள். ஃபைலைப் பிரித்து, எஞ்சினில் பொறித்திருந்த எண்ணை அனுமதிக் கடிதத்தோடு ஒப்பிட்டாள். சரியாக இருந்தது. அடுத்தது வண்டியின் உடலிலேயே பொறித்திருக்கும் சேஸ் நம்பர். எஞ்சின் அறையின் பின்சுவரில், வலது பக்கம். வண்டி வாங்கிய அன்று துருவுக்கு நடுவே அந்த எட்டு இலக்கங்களை விரலால் தடவித் தடவிப் படித்தது ஞாபகம் இருந்தது. செல்போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்தாள்.

அங்கே எதுவும் இல்லை.

துணியால் துடைத்தாள். விரலை வைத்து இழுத்தாள். கண்ணாடி மேல் இழுத்தது போல வழுக்கிக்கொண்டு போனது.

"அண்ணா, நம்பர் எங்க?"

"அங்கதான் இருக்கும் பாருங்க."

"இல்லண்ணா."

பரசுராமன் வந்து குனிந்தார். அவரும் விரலை வைத்துத் தடவினார். பிறகு நிமிர்ந்து போய் எஞ்சினை அணைத்தார்.

"டேய் சக்தி!"

பக்கத்து ஷெட்டிலிருந்து சக்திவேல் வந்தான். முப்பது வயதுக்காரன், தாடியெல்லாம் தகட்டில் பள்ளம் அடைக்கிற பட்டியின் தூசி. விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் தொங்கிவிட்டது.

"துரு ஜாஸ்தியா இருந்துச்சுண்ணா. கிரைண்டர் வச்சேன்."

"எவ்ளோ வச்ச?"

"வெள்ளையா தகடு தெரியற வரைக்கும். அப்புறம் பட்டி பாத்து, தேய்ச்சி, பெயின்ட்டு."

"நம்பர் இருக்கறது தெரியாதா உனக்கு?"

"நீ இன்னா சொன்ன? எஞ்சின் ரூம் மாப்பிள்ள ஊட்டு டிரஸ்ஸிங் டேபிள் மாதிரி இருக்கணும்னு சொன்ன."

அன்புச்செல்வி பக்கத்திலிருந்த டயர் மேல் உட்கார்ந்தாள். சேஸ் நம்பரைத் தேய்த்த வண்டி என்றால் திருட்டு வண்டி. வேறு அர்த்தம் கிடையாது. எஞ்சின் வேறு மாற்றியிருக்கிறது. அரசுச் சம்பளம் வாங்குகிறவள். கேஸ் என்று ஒன்று பதிவானால் அன்றைக்கே சஸ்பெண்ட். பள்ளி வாசலில் பெற்றோர்கள் கூடி நின்று பேசுவது அவளுக்கு இப்போதே கேட்டது.

"சுரண்டிப் பாக்கலாமா?" என்றாள்.

"சுரண்டினா பெயின்ட்டு போயிடும் டீச்சர். அடியில ஒண்ணும் இருக்காது. தேய்ச்சவன் நான்தான், எனக்குத் தெரியாதா?" என்றான் சக்திவேல்.

ஏழு கோட் பெயின்ட். அதன் மேல் பிளேடை வைக்க மூன்று பேருக்கும் மனம் வரவில்லை.

செல்போன் அடித்தது. கணவன் முருகவேல்.

"என்ன டீச்சரம்மா, உன் பழைய இரும்புக்கு நாளைக்குத்தானே பரீட்ச? பிட்டு எழுதி வச்சிட்டியா?"

"அப்புறம் பேசறேங்க" என்று வைத்துவிட்டாள்.

சக்திவேல் எங்கோ போய்விட்டுத் திரும்பினான். கையில் ஒரு தகர டப்பா. திறந்து காட்டவில்லை, காட்ட வேண்டிய தேவையும் இல்லை. லேத் பட்டறையில் இரும்பில் எண் பொறிக்கிற பஞ்ச் செட்டு. பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரைக்கும்.

"பத்து நிமிஷம்ண்ணா. ஆர்.சி. புக்குல நம்பர் இருக்கு. அதே நம்பர், அதே வண்டி. நாம ஒண்ணும் மாத்தலியே."

பரசுராமன் அவளைப் பார்க்காமல் பேசினார். "டீச்சர், எதிர்ல டீக்கடை இருக்கு. ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

அவளுக்குப் புரிந்தது. கேட்டால் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். ஃபைலிலிருந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்து ஸ்டூல் மேல் வைத்தாள். வைத்துவிட்டுத் தெருவைத் தாண்டிப் போனாள்.

டீ வந்தது. டம்ளரைக் கையில் எடுத்தாள். அதே நம்பர், அதே வண்டி. நாற்பது வருஷத்து எழுத்தும் இன்றைக்கு அடித்த எழுத்தும் ஒன்றுபோல இருக்குமா? தினமும் வண்டி பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் போகுமா? தெரிந்துவிட்டால் அது தேய்ந்துபோன நம்பர் இல்லை. கள்ள நம்பர். வகுப்பில் காப்பி அடித்த பையனை எழுப்பி நிறுத்தும்போது அவன் கழுத்தில் துடிக்கும் நரம்பைப் பார்த்திருக்கிறாள். அது இப்போது அவள் கழுத்தில் துடித்தது.

எதிரே ஷெட்டுக்குள்ளிருந்து 'ணங்' என்று ஒரு சத்தம்.

டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டு அவளை உரசினாற்போல் போனது.

"நிறுத்துங்க! வேணாம், நிறுத்துங்க!"

சக்திவேல் சுத்தியலை ஓங்கியபடி நின்றான். பின்சுவரில் ஒரே ஒரு எண். ஏழு. சாய்ந்து, ஆழமாக, சுற்றிலும் பெயின்ட் வெடித்து நின்றது.

"இன்னும் ஏழு எழுத்துதான் டீச்சர்" என்றான் பரிதாபமாக.

"வேணாம்."

"ஒண்ணு அடிச்சிட்டு விட்டா இன்னும் மோசம்மா" என்றார் பரசுராமன். போலீஸ் வந்தால் முதலில் அவரைத்தான் கேட்கும். ஷெட் அவர் பெயரில்.

அது அவளுக்கும் தெரிந்தது. ஒன்றுமில்லாத சுவரைக் காட்டித் தவறு நடந்துவிட்டது என்று சொல்லலாம். இந்த ஒற்றை எண்ணைக் காட்டி என்ன சொல்வது? அதை மறுபடி பட்டி வைத்து மூடலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தாள். பிறகு, மூடாமல் அப்படியே கொண்டுபோவது என்று முடிவெடுத்து, ஆர்.சி. புத்தகத்தை எடுத்து ஃபைலுக்குள் வைத்தாள்.

மறுநாள் மைதானத்தில் அவர்களுக்கு முன்னால் இரண்டு ஷேர் ஆட்டோ, ஒரு பள்ளி வேன். பரசுராமன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அவரை வரவேண்டாம் என்றுதான் அன்புச்செல்வி சொல்லியிருந்தாள். "வண்டிய நான் கட்டிட்டு, நீங்க தனியா போய் நிக்கறதா?" என்று கேட்டு அவரே முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

வண்டிகளைச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். லைட், ஹாரன், வைப்பர் பார்த்தார். பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஓட்டுங்க மேடம்" என்றார். மைதானத்தை இரண்டு சுற்று. "பிரேக்!" அழுத்தினாள். வண்டி நேர்கோட்டில் நின்றது.

"அருமையா கட்டியிருக்காங்க. யாரு மெக்கானிக்?"

இந்தப் பாராட்டை நாலு வருஷமாக மனதுக்குள் பல தடவை கேட்டிருக்கிறாள். இப்போது அது காதில் ஏறவில்லை. அவர் இறங்கிப் பானெட்டைத் திறந்தார். எஞ்சின் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக்கொண்டார்.

"சேஸ் நம்பர்?"

அவள் ஃபைலின் ரப்பர் பேண்டைக் கழற்றினாள். அவர் தானாகவே குனிந்தார். பையிலிருந்து லென்சை எடுத்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் முந்தைய சிரிப்பு இல்லை.

"இது என்ன?"

"சார், நான்தான்..." என்று பரசுராமன் முன்னே வந்தார்.

"சார், நான் சொல்றேன்" என்றாள் அவள். முழுதும் சொன்னாள். கிரைண்டர், பட்டி, பெயின்ட், தகர டப்பா. "எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சுதான் ஆர்.சி. புக்க எடுத்து வச்சிட்டு டீ குடிக்கப் போனேன். சத்தம் கேட்டதும் பயந்து ஓடி வந்து நிறுத்தினேன்."

பின்னால் நின்ற டிராக்டர்க்காரர் எட்டிப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"சுரண்டிப் பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"ஏன்?"

பதில் இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. "பெயின்ட்டு போயிடும்னு சார்."

"சுரண்டுங்க" என்றார் பரசுராமனிடம்.

அவர் டூல் பாக்ஸிலிருந்து பெயின்ட் ரிமூவரும் பிளேடும் எடுத்தார். கருநீலம் சுருங்கி, தோலாக உரிந்து வந்தது. அன்புச்செல்வி பார்க்க முடியாமல் மைதானத்துக்கு அப்பால் மலையைப் பார்த்து நின்றாள். மலை தெரிந்தது, மனதில் பதியவில்லை.

"டீச்சர்" என்றார் பரசுராமன்.

தகட்டில் வெள்ளையாக எண்கள். கிரைண்டர் மேல்பரப்பைத்தான் தின்றிருந்தது; குழிகளை அது தொடவில்லை. குழிகளை அடைத்துக்கொண்டு பட்டி. இரண்டாவது இலக்கத்திலிருந்து எட்டாவது வரைக்கும் பளிச்சென்று, யாரும் படிக்கலாம். முதல் இலக்கம் மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில்தான் சக்திவேலின் ஏழு ஏறி உட்கார்ந்திருந்தது.

"கை வைக்காம இருந்திருந்தா எட்டும் இருந்திருக்கும். கை வச்ச ஒண்ணுதான் போச்சு" என்றார் இன்ஸ்பெக்டர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"இப்ப என்ன சார் ஆகும்?"

"இன்னைக்கு வண்டி வந்து நின்னதுனு பதிஞ்சுக்கறேன், உங்க கெடு போகாது. வண்டி இங்கயே நிக்கட்டும். நீங்க இப்ப சொன்னத உங்க கையால எழுதிக் குடுங்க. ஒரு காப்பி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். திருட்டு வண்டி இல்லனு அவங்க எழுதிக் குடுத்தா, அப்புறம் முறைப்படி நம்பர் அடிக்க அனுமதி கேக்கலாம்." சற்று நிறுத்தினார். "அவங்க வேற மாதிரி எழுதினா நான் ஒண்ணும் பண்ண முடியாது. டீ குடிக்கப் போனத எழுதித்தான் ஆகணும்னு நான் சொல்லல. யோசிச்சு எழுதுங்க."

மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். தினமும் கரும்பலகையில் எழுதுகிற கை. வரி மேலும் கீழும் போனது. டீ குடிக்கப் போன இடம் வந்ததும் பேனா நின்றது. பரசுராமன் பக்கத்தில் நின்று, "எம்மேல போட்டுடுங்க டீச்சர். எனக்கு என்ன, கவர்மென்ட்டு வேலையா?" என்றார். 'எனக்குத் தெரிந்தே' என்று எழுதினாள். எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய் பைப்பில் முகம் கழுவினாள்.

இருபத்தாறு நாள் ஆயிற்று. அதில் ஒரு நாள் ஏட்டு ஒருவர் பள்ளிக்கே வந்து விசாரித்தார். தலைமையாசிரியை அறையில் அவள் நின்றுகொண்டே பதில் சொன்னாள். அதற்கப்புறம் அவள் செல்போன் அடித்தால் முருகவேல்தான் எடுத்தான், கிண்டலை விட்டுவிட்டு. கடைசியில் ஸ்டேஷனிலிருந்து சான்று வந்தது, அனுமதி வந்தது. பழைய எண்ணுக்குக் கீழே இன்ஸ்பெக்டர் முன்னிலையில் புதிதாக எட்டு இலக்கமும் அடித்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் அவள் தோள் தூக்கிப்போட்டது. புதிய ஆர்.சி.யில் எஞ்சின் எண் மாறியிருந்தது. குறிப்பு என்ற இடத்தில், சேஸ் எண் மறுபடி பொறிக்கப்பட்டது என்று ஒரு வரி. இனி யார் இந்த வண்டியை வாங்கினாலும் விற்றாலும் அந்த வரி கூடவே வரும்.

பரசுராமனைப் பக்கத்தில் உட்காரவைத்து அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். செங்கம் ரோட்டில் திரும்பியதும் பின்கண்ணாடியில் ஒரு போலீஸ் ஜீப் தெரிந்தது. யாரும் கை காட்டவில்லை, சைரனும் இல்லை. அவள் இண்டிகேட்டர் போட்டு, வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஆர்.சி.யைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஜீப் தாண்டிப் போனது. உள்ளே இருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போயிட்டாங்க டீச்சர்" என்றார் பரசுராமன்.

"தெரியுதுண்ணா" என்றாள். ஆனால் சாவியைத் திருப்பக் கொஞ்ச நேரமாயிற்று.