சட்டைப் பையில் ஓர் அழைப்பு

இஸ்திரிக் கடைக்காரருக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. கடைக்கு வரும் ஒரு சட்டைகூடச் சுவிசேஷம் இல்லாமல் வீடு திரும்பக் கூடாது. தேய்ப்பதற்கு முன் பையைத் துழாவுவது தொழில் வழக்கம். பேனா கிடந்தால் மை ஒழுகித் துணி பாழாகிவிடும். தேய்த்து மடித்த பிறகு அதே பையில் வேத வசனம் அச்சடித்த ஒரு கைப்பிரதியைச் செருகுவது அவருடைய சொந்த வழக்கம். ஒவ்வொரு பிரதியின் பின்பக்கத்திலும் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருப்பார்: 'மனபாரமா? கடைக்கு வாருங்கள். உட்கார்ந்து பேசலாம்.'

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் உண்மையான பக்தர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பேருந்து நிலையத்தில் நின்று பிரதி கொடுப்பார். வாங்கியவர்கள் நாலடி தள்ளிப் போட்டுவிட்டுப் போனால், பொறுக்கித் தூசி தட்டி அடுத்தவருக்குக் கொடுப்பார்.

"உங்க தொல்ல தாங்காம ஜனங்க பையே இல்லாத சட்டையா தைக்கப் போறாங்க பாருங்க" என்பாள் மனைவி.

அவருக்குச் சிரிப்பு வராது. பன்னிரண்டு வருடத்தில் அந்த ஸ்டாம்பைப் பார்த்து ஒருவர்கூட வந்ததில்லை. அதை அவர் யாரிடமும் சொன்னதுமில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவருக்குத் தலைக்கு மேல் வேலை. மறுநாள் சபையின் ஆண்டு விழா. பாடகர் குழுவின் இருபத்திரண்டு வெள்ளை அங்கிகள் வந்து குவிந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் தோளில் ஏழு மடிப்பு. ஒன்பதாவது அங்கியில் இருந்தபோது டைப்பிஸ்ட் வந்து வாசலில் நின்றார்.

டைப்பிஸ்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். வாரத்துக்கு மூன்று சட்டை தேய்க்கப் போடுவார், பேச்சுக்கு மூன்று வார்த்தைகூடச் செலவழிக்க மாட்டார். அன்றைக்குக் கையில் துணி இல்லை. பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

"இதுல வரச் சொல்லிப் போட்டிருக்கீங்களே."

"ஆமாங்கய்யா, சொல்லுங்க." கை நிற்கவில்லை. இஸ்திரிப் பெட்டி நல்ல சூட்டில் இருந்தது.

"திங்கக்கிழமை எனக்கு நெஞ்சுல ஆபரேஷன். கொஞ்சம் பயமா இருக்கு. எனக்கு ஜெபமெல்லாம் பண்ணத் தெரியாது. அதான் வந்தேன்."

கடைக்காரருக்கு உள்ளுக்குள் பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம். பன்னிரண்டு வருடத்தில் முதல் ஆள். இப்படித் தானாக வந்த ஆத்துமாவை அரைகுறையாகக் கவனிக்கக் கூடாது என்று நினைத்தார். பாவம், நல்ல எண்ணத்தில்தான் நினைத்தார்.

"ஐயா, இது நின்னுக்கிட்டுப் பேசுற விஷயமில்ல. நாளைக்குச் சாயந்தரம் நானே உங்க வீட்டுக்கு வர்றேன். நிதானமா பேசி ஜெபிக்கலாம். இப்ப பாருங்க, சபை வேலை. விட முடியல."

"பரவால்ல. நீங்க வேலையப் பாருங்க."

ஆனாலும் அவர் உடனே போகவில்லை. கடைக்குள் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டு, ஓர் அங்கி முழுதாக மடிக்கப்படும்வரை நின்றார். கிளம்பும்போது கடைக்காரர் இன்னொரு பிரதியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். டைப்பிஸ்ட் அதையும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் அங்கிகளில் மடிப்பு அருமையாக நின்றது. போதகரே பாராட்டினார். சாயங்காலம் கடைக்காரர் சொன்ன சொல் தவறாமல் டைப்பிஸ்ட் வீட்டுக்குப் போனார். வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. காலையிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள்.

திங்கட்கிழமை ஒரு வயதான அம்மாள் கடைக்கு வந்தாள். கையில் ஒரு வெள்ளைச் சட்டை.

"நான் அவனோட அக்கா. மூணு மணிக்கு எடுக்குறோம். கசங்கின சட்ட போட்டுக்க மாட்டான். கொஞ்சம் தேச்சுக் குடுங்க."

கடைக்காரரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அம்மா, அவரு சனிக்கிழம இங்க வந்தாரு. நான்தான் அனுப்பிட்டேன்."

"தெரியும். போன்ல சொன்னான். நீங்க வேலையா இருந்தீங்க, மறுநாள் வீட்டுக்கே வர்றதா சொல்லியிருக்கீங்கன்னான். நீங்க குடுத்த காகிதமெல்லாம் ஒண்ணுகூட விடாம டிராயர்ல அடுக்கி வெச்சிருக்கான். உங்களுக்காக ரெண்டு நாற்காலிய எதிரெதிரா போட்டு, பிஸ்கட்கூட வாங்கி வெச்சிருந்தான். நாற்காலிய இன்னும் யாரும் நகத்தல."

அவள் குரலில் குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லை. அதுதான் அவரை வதைத்தது. சட்டைப் பையைத் துழாவினார். ஒன்றும் இல்லை.

"ராத்திரியெல்லாம் நின்னது, கால் கடுக்குது" என்றாள் அவள். "எங்கயாச்சும் உக்காந்துக்கவா?"

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். மேஜை இருந்தது, துணி அடுக்கும் பலகை இருந்தது, பிரதிக் கட்டுகள் இருந்தன. நாற்காலி இல்லை. ஒரு முக்காலிகூட இல்லை. நின்றே வேலை செய்பவருக்கு அது ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. நெஞ்சு சரியில்லாத மனிதர் அன்றைக்கு எதைத் தேடிச் சுற்றிப் பார்த்தார் என்பது இப்போது புரிந்தது. கடைக்காரர் வாய்விட்டு அழுதார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்கு ஓடினார். இரவல் வாங்கி வந்த நாற்காலியை அவளுக்குப் போட்டார். சட்டையைத் தேய்த்தார். மடித்ததும் வழக்கப்படி கை பிரதிக் கட்டுக்குப் போய், வெறுமனே திரும்பியது. அந்த அம்மாள் தம்பியின் சின்ன வயதுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் பெட்டியை அணைத்துவிட்டு, அவள் எதிரே தரையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.