உச்சவரம்புக்கு ஒரு படி கீழே

மீட்டர் பெட்டியின் கதவை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக்கொண்டிருந்தாள் அவள். காதுக்கும் தோளுக்கும் நடுவே செல்போன் சிக்கிக் கிடந்தது.

“ஏலம் முடிய பதினோரு நிமிஷம்தான் இருக்கு,” என்றான் கணவன், வீட்டில் கம்ப்யூட்டர் திரையில் வீடு விற்கும் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு. “விலையை ஏத்தி பட்டனை அமுக்கிடவா?”

“கை வைக்காதீங்க. அமுக்கினா அப்புறம் பின்வாங்க முடியாது. அட்வான்ஸ் போச்சு.”

“அமுக்கலைன்னா வீடே போச்சு. அவன் கொத்திட்டுப் போயிடுவான்.”

அவன். மூன்று நாட்களாக இதே வீட்டுக்குப் போட்டி போடும் முகம் தெரியாத ஆள். இவர்கள் விலையை ஏற்றினால் மறு நிமிடமே ஒரு படி மேலே கேட்கிறான். சாப்பாடு, தூக்கம் ஒன்றும் கிடையாது போல.

மின்சார மீட்டர் கணக்கெடுப்பது அவள் வேலை. விலைக்கு வந்த வீடு இருக்கும் இந்தத் தெரு அவள் கணக்கெடுக்கும் தெரு அல்ல. கூட வேலை செய்பவளிடம் கெஞ்சி, இன்று ஒரு நாள் மாற்றிக்கொண்டாள். வீட்டுக்காரரோடு வாங்குபவர் நேரடியாகப் பேசக்கூடாது என்பது ஆப்பின் சட்டம். மீட்டரோடு பேசக்கூடாது என்று எங்கும் எழுதவில்லை.

“ஏங்க, மறைக்காம சொல்லுங்க. நம்மால அதிகபட்சம் எவ்வளவு முடியும்னு யார்கிட்டயாவது உளறினீங்களா?”

“உன் தம்பிகிட்டகூட மூச்சு விடலை.”

“நல்லா யோசிங்க.”

மறுமுனையில் இருமல். “ஆப்ல சேரும்போது ஒரு கட்டம் வந்துச்சு. உங்கள் உச்சவரம்பு என்னன்னு. உண்மையைத்தான் போடணுமாக்கும்னு போட்டுட்டேன்.”

“என்கிட்ட சம்பளத்தையே குறைச்சுச் சொல்ற ஆளு, அங்க மட்டும் உண்மை. சரி, அவன் இப்ப எதுல நிக்கிறான்?”

“நம்ம உச்சவரம்புக்கு ஒரே ஒரு படி கீழ.”

பெட்டி திறந்தது. கையிலிருந்த கருவியில் இணைப்பு எண்ணைத் தட்டினாள். ‘அன்பான குடும்பம் வாழும் வீடு’ என்று ஆப் படம் காட்டிய வீட்டில், நான்கு மாதமாக ஒரு யூனிட்கூட ஓடவில்லை. இணைப்பு கைமாறியதும் அதே நான்கு மாதத்துக்கு முன்புதான்.

“ஆறு நிமிஷம். லைன்ல இருக்கியா?”

“இருக்கேன். அந்த ஆப்காரங்க தங்களைப் பத்தி என்ன சொல்லிக்கிறாங்க?”

“ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆளுங்கன்னு. ஏன்? வீடு யார் பேர்ல இருக்கு?”

கருவியில் தெரிந்த உரிமையாளர் பெயரை அவள் இரண்டு முறை படித்தாள்.

“உங்க திரையில மணி ஓடுதே, அதுக்கு மேல கொட்டை எழுத்துல ஆப் கம்பெனி பேர் இருக்கா?”

“இருக்கு.”

“அவங்கதாங்க வீட்டுக்காரங்க.”